முதலில் இறங்குதுறை: சுவா சூ காங்கிலிருந்து ஒரு கடலோரப் படகுப் பயணம்

கடலோரமாகப் படகில் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று நண்பர்கள் கூடிப் பேசினால், வரைபடத்தை விரித்துத் தூரத்தைக் கணக்குப் போடுவதுதான் வழக்கம். அமெரிக்காவின் கிழக்குக் கரையையும் வளைகுடாக் கரையையும் ஒட்டி ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீளும் உள்நீர்வழியில் அந்தக் கணக்கு எடுபடும். ஆலப்புழைக் காயலிலும் எடுபடும். அங்கெல்லாம் கரை நெடுகிலும் ஊர் உண்டு, படகைக் கட்ட இடம் உண்டு. களைத்த இடத்தில் கட்டிப்போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். சிங்கப்பூரில் அதே கணக்கோடு கிளம்பினால் நாள் வீணாகும். இங்கே நாலாபக்கமும் கடல், ஆனால் கால் வைக்கக்கூடிய கரை கொஞ்சம்தான். ஆகவே இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒரே ஒரு வரிசைமுறையை: முதலில் எங்கே இறங்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள், அடுத்து அந்த இடத்தின் ஏற்ற வற்றத்தைப் பாருங்கள், எந்தப் படகு, எத்தனை பேர் என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தீவின் மேற்கே உள்ள சுவா சூ காங்வாசிகளுக்கு இந்த வரிசை மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படும். அவர்களுக்கு மிக அருகில் இருக்கும் கடல்தான் படகு ஏற மிகவும் ஏற்பில்லாத கடல்.

அருகில் இருக்கும் கடல்

சுவா சூ காங், லிம் சூ காங் பக்கத்து நிலப்பரப்பு ஒரு காலத்தில் படகை நம்பியே வாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் மிளகும் காம்பியரும் பயிரிட வந்த சீனர்கள் ஆறுகளின் வழியாக உள்ளே நுழைந்து ஆற்றங்கரைகளிலேயே குடியேறினார்கள். விளைச்சல் வெளியே போனதும் அரிசி உள்ளே வந்ததும் அதே ஆற்றில்தான். அந்த ஆறுகள் இன்று கடலோடு சேர்வதில்லை. கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரம் 1975இல் அணையிடப்பட்டு நீர்த்தேக்கமானது. முராய், போயான், சரிம்பூன், தெங்கே ஆகிய நான்கும் 1981இல் முடிந்த மேற்குப் பகுதி நீர்பிடிப்புத் திட்டத்தில் அடைபட்டன. குடிநீருக்காகச் செய்த ஏற்பாடு இது. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் படகோடு வருபவருக்கு இதன் பொருள் தெளிவானது: ஊரின் உள்ளிருந்து நீர்வழியாகக் கடலுக்கு இறங்கும் பாதை ஒன்றுகூட மிச்சமில்லை. அணைகளைத் தாண்டிய மேற்குக் கரையின் பெரும்பகுதி ராணுவப் பயிற்சி நிலம். 1942 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியப் படை வந்திறங்கிய சரிம்பூன் கரையும் இந்தப் பக்கம்தான்.

சரி, கரையில் இறங்காமல் ஜோகூர் நீரிணையில் சும்மா ஒரு சுற்று வரலாமே என்று கேட்கலாம். நீரிணை கிராஞ்சிக்கு அருகே ஒரு கிலோமீட்டர் அளவுதான் அகலம். நடுவில் ஓடுவது நாட்டின் எல்லை. லிம் சூ காங் கரையோரத்தில் மீன் பண்ணைகளின் மிதவைகளும் வலைக்கூண்டுகளும் பரவிக் கிடக்கின்றன. கடலோரக் காவற்படை இரவும் பகலும் சுற்றி வரும் நீர் இது. கள்ளத்தனமாக வந்து இறங்குபவர்களைத் தேடும் கண்களுக்கு உல்லாசப் படகும் முதலில் சந்தேகப் படகுதான். இதையெல்லாம் மீறிக் கிழக்கே போனாலும் ஜோகூர் கடற்பாலம் மறித்துவிடும். 1923இல் ரயில் ஓடத் தொடங்கிய இந்தக் கற்கரை, தண்ணீர் அடியில் ஓட வழிவிடும் தூண்பாலம் அன்று. கல்லைக் கொட்டி எழுப்பிய தடுப்பு. படகுகள் கடக்க ஜோகூர் முனையில் ஒரு நீர்ப்பூட்டு வைத்திருந்தார்கள். 1942 ஜனவரி 31ஆம் தேதி பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்தபோது அதுவும் போயிற்று. படகுப் பாதை பிறகு திறக்கவே இல்லை. சிங்கப்பூரைப் படகிலேயே முழுச்சுற்று வரலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேற்கு நீரிணையும் கிழக்கு நீரிணையும் இன்று தனித்தனிக் கடல்கள்.

அதனால் வீட்டுக்கு அருகில் உள்ள கடலைக் காலால் நடந்து பார்ப்பதே சரி. கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து 925 பேருந்தில் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குப் போய்விடலாம். 1993இல் பூங்காவாகத் திறந்து 2002இல் இயற்கை வனக் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட இடம். செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா பக்கத்திலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் இங்கே தங்கும். நீர் வற்றும்போது அவை வெளியே சேற்றுத்திட்டில் இரை தேடிப் பரவியிருக்கும். நீர் ஏறும்போது திட்டு மூழ்கிவிடுவதால் உள்குளங்களில் வந்து கூட்டமாக ஒண்டும். பறவை பார்க்கும் மறைவிடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இரண்டாவது நேரம்தான் விருந்து. அலையாத்தி மரங்களுக்கு இடையே நீர்முதலைகள் உண்டு என்பதால் பாதையை விட்டு இறங்கக் கூடாது. எதிர்க்கரையில் ஜோகூர் பாருவின் கட்டடங்கள், இடையில் நீரிணை. அரை நாளுக்கு இதுவே போதும்.

இறங்க முடிந்த தீவுகள்

சிங்கப்பூருக்கு அறுபதுக்கு மேல் தீவுகள் இருந்தன. கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் சில ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. இருப்பவற்றிலும் சாதாரண மக்கள் இறங்கக்கூடியவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். தெக்கோங் தீவு தேசிய சேவையாளர்களுக்கான பயிற்சி முகாம். பாவாய், செனாங், சூடோங் மூன்றும் ராணுவம் துப்பாக்கி, பீரங்கிப் பயிற்சி செய்யும் தீவுகள். ஜூரோங் தீவு 2001 முதல் அனுமதி பெற்றவர் மட்டும் நுழையக்கூடிய ரசாயனத் தொழிற்பேட்டை. புக்கோம் தீவு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. மேற்கே துவாஸிலிருந்து வாடகைப் படகு எடுத்துத் தெற்குக் கரையோரமாகக் கிழக்கே வர நினைப்பவருக்கு வழியில் தென்படுவதெல்லாம் இப்படிப்பட்ட கரைகளும் நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்களும்தான். பார்க்கலாம், இறங்க முடியாது. நண்பர்களோடு போகும் நாளில் நான்கு மணி நேரம் எங்கேயும் இறங்காமல் வெயிலில் மிதப்பது எவ்வளவு சீக்கிரம் சலிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மிஞ்சுவது இரண்டு திசைகள். ஒன்று வடகிழக்கே புலாவ் உபின். ஜூரோங் ஈஸ்ட் நிலையத்தில் மாறிக் கிழக்கு மேற்குப் பாதையில் தானா மேரா, அங்கிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ். அதை ஒட்டியே சாங்கி பாயிண்ட் படகு முனையம். சுவா சூ காங்கிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இங்கே சீட்டும் இல்லை, நேர அட்டவணையும் இல்லை. வரிசையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் பம்போட் எனப்படும் சிறு விசைப்படகு ஒன்று புறப்படும். தலைக்கு 4 வெள்ளி, படகிலேயே கொடுத்துவிடலாம். அவசரமானால் மொத்தம் 48 வெள்ளியைத் தாங்களே கொடுத்துவிட்டு உடனே கிளம்பச் சொல்லலாம். ஏழு பேர் போனால் கூடுதலாக 20 வெள்ளி. அதே முனையத்திலிருந்து ஜோகூரின் பெங்கெராங்குக்கும் படகு போகிறது. அது வெளிநாட்டுப் பயணம், குடிநுழைவுச் சோதனை உண்டு; ஊழியர் அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. உபின் சிங்கப்பூர் மண்தான், கடவுச்சீட்டு வேண்டாம்.

இன்னொன்று தெற்கே. வடக்குத் தெற்கு ரயில் பாதையின் கடைசி நிலையம் மரினா சவுத் பியர். சுவா சூ காங்கில் ஏறினால் உட்லண்ட்ஸ், ஈசூன் வழியாகச் சுற்றி மாறாமலேயே போய்ச் சேரலாம். சீக்கிரம் போக வேண்டுமானால் ஜூரோங் ஈஸ்ட்டிலும் ராஃபிள்ஸ் பிளேஸிலும் மாறுங்கள். முனையத்திலிருந்து செயிண்ட் ஜான்ஸ், லாசரஸ், குசு தீவுகளுக்கும், 2024 அக்டோபரில் மீண்டும் திறந்த பெரிய சிஸ்டர்ஸ் தீவுக்கும் அட்டவணைப்படி படகுகள் உண்டு. வேலை நாளில் குறைவு, வார இறுதியில் கூடுதல். செயிண்ட் ஜான்ஸும் லாசரஸும் கரைப்பாதையால் இணைந்திருப்பதால் ஒரே சீட்டில் இரண்டு தீவுகளையும் நடந்து பார்க்கலாம். தமிழர்களுக்குச் செயிண்ட் ஜான்ஸ் தீவில் வேறொரு காரணமும் உண்டு. 1874இல் இங்கே தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் தொடங்கினார்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலின் மேல்தளச் சீட்டில் வந்தவர்களை ஊருக்குள் விடும் முன் இந்தத் தீவில் நிறுத்திப் பார்த்தார்கள். 1926 முதல் அரை நூற்றாண்டுக்கு நெருக்கமாக ஓடிய ரஜூலா கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சுவா சூ காங் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். தாத்தா பாட்டி முதலில் கால் வைத்த சிங்கப்பூர் எது என்று கேட்டால், பலருக்கு விடை இந்தத் தீவாகவே இருக்கும்.

ஏற்ற வற்றமும் கடிகாரமும்

இறங்கும் இடம் முடிவான பிறகு பார்க்க வேண்டியது தண்ணீர். சிங்கப்பூரில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன ஞாயிறு பத்து மணிக்கு வற்றியதென்றால் இந்த ஞாயிறும் அப்படியே இருக்கும் என்று எண்ணக் கூடாது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே மூன்று மீட்டர் வரை வேறுபாடு வரும். அரைநிலவு நாட்களில் அது நன்றாகக் குறையும். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே எந்த வாரம் தகுந்தது என்று காட்டிவிடும். மணிக்கணக்குக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியமும் கடல்துறை, துறைமுக ஆணையமும் வெளியிடும் அட்டவணையைப் பாருங்கள்.

இந்த அட்டவணை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உபினின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா நல்ல சான்று. அதைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் 2001 இறுதியில், மக்களின் வேண்டுகோளுக்குப் பிறகு தள்ளிவைக்கப்பட்டது. 2007இல் மரப்பாதை அமைந்தது. மணல்திட்டு, கடற்புல், பவளத்துண்டுகள் கிடக்கும் கரை, அலையாத்தி எல்லாம் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருப்பதுதான் அதன் சிறப்பு. நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் அவை கண்ணுக்குத் தெரியும். ஏற்ற நேரத்தில் போனவர் அதே மரப்பாதையில் நின்று பச்சை நிறத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். இறங்குதுறையிலிருந்து செக் ஜாவாவுக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல். நடக்கலாம், வாடகை சைக்கிளில் போகலாம். காலை 11 மணிக்கு வற்றம் என்று வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணுவோம். பத்தரைக்குச் செக் ஜாவாவில் இருக்க வேண்டும், பத்து மணிக்குள் தீவில் சைக்கிள் எடுக்க வேண்டும், ஒன்பதரைக்குச் சாங்கியில் வரிசையில் நிற்க வேண்டும், ஏழரை மணிக்குச் சுவா சூ காங்கில் ரயில் ஏறிவிட வேண்டும். பன்னிரண்டரை வரை கரையில் இருந்துவிட்டுக் கிராமத்துக்கு வந்து சாப்பிட்டு, மூன்று மணிக்குப் படகேறினால் வெயில் இறங்கும் முன் வீடு. வற்றம் மாலை ஐந்துக்கு என்றால் இந்தத் திட்டம் நடக்காது. அந்த ஞாயிறு தெற்குத் தீவுகளுக்குப் போங்கள்.

காற்றும் மழையும் ஏற்ற வற்றத்துக்கு அடுத்தபடி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்போ காலையிலோ மலாக்கா நீரிணையைத் தாண்டி மேற்கிலிருந்து வரும் திடீர்ப் புயற்காற்றைச் சுமத்ரா காற்று என்பார்கள். ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும், ஆனால் அந்த நேரத்தில் சிறுபடகில் இருக்கக் கூடாது. மேற்கே இருக்கும் சுவா சூ காங்குக்கு அது முதலில் வரும், சாங்கிக்குப் பிறகுதான் போகும். வீட்டுச் சன்னலில் மழை அடிக்கிறதென்றால் இன்னும் சற்று நேரத்தில் படகுத்துறையிலும் அடிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பிடித்துக்கொள்ளும். அப்போது தேதியையே மாற்றுவது மேல்.

மாறாகச் சொல்பவர்களுக்கு

இந்த முறைக்கு எதிராகச் சொல்லக்கூடியவை மூன்று. முதலாவது, பொதுப் படகில் போவது படகுப் பயணமே இல்லை, சொந்தமாக ஓட்டினால்தான் சுகம் என்பது. விசைப்படகு ஓட்டக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். 16 வயது நிரம்பியவர் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் தேறிப் பெறலாம். கடலில் ஆர்வம் நிலைத்திருப்பவருக்கு அது நல்ல முதலீடுதான். ஆனால் உரிமம் ஓட்டும் உரிமையைத் தருகிறதே தவிர, இறங்கும் இடத்தைக் கூட்டித் தருவதில்லை. தடைசெய்யப்பட்ட தீவு உரிமம் உள்ளவருக்கும் தடைதான். உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்றின் ஓரத்தில் ஓட்டுகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய கப்பல் திரும்பவோ நிற்கவோ நேரமாகும், விலக வேண்டியது சிறுபடகு.

இரண்டாவது, நான்கு மணி நேரத்துக்கு உல்லாசப் படகு வாடகைக்கு எடுத்து லாசரஸ் தீவுக்கு அருகே நங்கூரமிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வருவது. பதினைந்து பேர் சேர்ந்து செலவைப் பங்கிட்டால் கைக்கு அடக்கமாகவே வரும், முதியவர்களுக்குக் கழிப்பறையும் நிழலும் கிடைக்கும். இந்த எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் படகுகள் எல்லாம் ஏன் ஒரே குடாவில் வந்து நிற்கின்றன என்று பாருங்கள்: அமைதியான தண்ணீரும் இறங்கக் கூடிய மணலும் சேர்ந்திருக்கும் இடம் அதுதான். வாடகைப் படகுக்காரர்களும் இறங்குதுறையை வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள்.

மூன்றாவது, அவ்வளவு தூரம் போய் ஒரே ஒரு தீவா, இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்கலாமே என்பது. செலவழிக்கும் பயண நேரத்தை எண்ணினால் இப்படித் தோன்றுவது இயல்பு. காலையில் செக் ஜாவாவில் வற்றம், ஆறு மணி நேரம் கழித்துச் சுங்கை பூலோவில் ஏற்றம் என்று தாளில் அழகாகப் பொருந்தும், கால் ஒத்துக்கொள்ளாது. உபினையும் தெற்குத் தீவுகளையும் ஒரே நாளில் சேர்ப்பதற்கு நேரடிப் பொதுப் படகு இல்லை, நகரத்துக்குத் திரும்பி வந்துதான் மறுபடி ஏற வேண்டும். சேர்க்கத்தான் வேண்டுமென்றால் ஒரே சீட்டில் வரும் செயிண்ட் ஜான்ஸ், லாசரஸ், குசு மூன்றையும் சேருங்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் மட்டும் குசுவைத் தள்ளிவையுங்கள். 1923இல் கட்டிய துவா பெக் கோங் கோயிலுக்கு வேண்டுதலோடு வருபவர்களால் படகும் தீவும் நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்தையே பார்க்க விரும்பினால் அது வேறு.

நண்பர் குழுவும் மூட்டையும்

உபினுக்குப் பன்னிரண்டு பேர் என்பது பொன்னான எண்ணிக்கை: ஒரு படகு நிரம்பும், காத்திருக்க வேண்டாம். பதின்மூன்றாவது ஆள் வந்தால் குழு இரண்டாகப் பிரியும்; பிள்ளைகளோடு வருபவர்களை ஒரே படகில் சேர்த்துவிட்டு மற்றவர்கள் அடுத்ததில் வருவது நல்லது. அக்கரைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான், இரு கரைக்கும் நடுவே ஒதுக்கமான நீர். தெற்குத் தீவுகளுக்கு அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகலாம். பெரிய கப்பல்கள் எழுப்பும் அலையில் படகு குலுங்கும். வாந்தி வரும் உடம்புக்காரர்கள் வெறும் வயிற்றோடு வராமல், படகின் நடுவிலோ பின்பகுதியிலோ உட்கார்ந்து தொலைவில் பார்வையை வைத்திருக்க வேண்டும். நீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் இறங்குபடிகளின் அடிப்படி பாசி படிந்து வழுக்கும். வார்ச்செருப்பு உதவாது, பிடிப்புள்ள காலணி வேண்டும்.

உபின் கிராமத்தில் சாப்பாட்டுக் கடை உண்டு, விலை சற்றுக் கூடுதல். செயிண்ட் ஜான்ஸுக்கும் குசுவுக்கும் கடையை நம்பிப் போகக் கூடாது, கட்டுச்சோறு கொண்டுபோங்கள். சிங்கப்பூர் வெயிலில் தயிர்ச்சோறு மதியத்துக்குள் புளித்துவிடும். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் மாலை வரை நிற்கும். தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குறைவில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். குரங்கும் காட்டுப்பன்றியும் பையின் சத்தத்துக்கே வந்து நிற்கும். உணவு கொடுத்தால் அபராதம், பையை மூடி மடியிலேயே வைத்திருங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு தனிப்பை.

கடைசியாக, குழுவில் ஒருவருக்கு ஒரே ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: திரும்பும் படகு. தெற்குத் தீவுகளுக்கு அவர் அன்றைய கடைசிப் படகின் நேரத்தை ஏறும்போதே கேட்டு, அதற்கு முந்தைய படகை எல்லோருக்கும் கெடுவாகச் சொல்லட்டும். உபினில் அட்டவணை இல்லாததால் இருட்டுமுன் துறைக்கு வந்துவிடுவதே கெடு. பன்னிரண்டு பேர் சேராவிட்டால் நின்றுகொண்டே இருக்க நேரும். இந்தக் கெடுவைப் பிடித்துக்கொண்டால் குழுவில் யார் எங்கே உட்கார்ந்து அரட்டை அடித்தாலும் நாள் கெடாது. அதை மறந்தால், அக்கரையில் ஊர் விளக்கு தெரிய, ஒரு தனிப் படகுக்காரரிடம் அவர் கேட்கும் தொகைக்குத் தலையாட்ட வேண்டிவரும்.